வீட்டு அடுப்படிக்கு எலக்ட்ரிக் கெட்டில் தேவையா? டெல்டா வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊர்ப் பாத்திரக்கடைக்குப் போனாலும் இப்போது வாசலிலேயே கெட்டில் அடுக்கியிருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாக வருகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறார்கள். சில வீடுகளில் அது ஒரு நாளும் ஓய்வதில்லை. சில வீடுகளில் பெட்டியோடு பரணில் கிடக்கிறது. எந்த வீட்டுக்கு ஆகும், எந்த வீட்டுக்கு ஆகாது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

பால் சேராத வெறும் சுடுதண்ணீர் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு தடவை என்றால் வாங்குங்கள். காலையில் டிகாக்‌ஷனுக்கு ஒரே ஒரு தடவைதான் என்றால் இருக்கிற அடுப்பே போதும்.

அதைவிட முக்கியம், தண்ணீர் வைக்கப்போவது யார் என்பது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய், பாத்திரம் கருகும் வரை மறந்துவிடுகிறவர் வீட்டில் இருக்கிறாரா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். கொதித்ததும் தானாக அணைந்துவிடுவதுதான் கெட்டிலின் மதிப்பு. வேகம், மிச்சம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் குடிப்பதெல்லாம் பால் காபி, பால் டீ. பாலைக் கெட்டிலில் காய்ச்ச முடியாதே, அப்புறம் எதற்கு?

பாலைக் காய்ச்சக் கூடாது என்பது சரி. பால் அடியில் பிடித்துக் கருகும், பொங்கினால் மூக்கு வழியாக வழிந்து கீழே இருக்கும் மின் தட்டில் இறங்கும். அதோடு கெட்டிலின் கதை முடிந்தது. டீத்தூளைப் போட்டுக் கொதிக்கவிடுவதும் வேண்டாம். கறை பிடிக்கும், வாடை போகவே போகாது. ஆகவே டீ மட்டும் குடிக்கிற வீட்டுக்குக் கெட்டிலால் பெரிய பிரயோஜனம் கிடையாது என்று தயங்காமல் சொல்வேன்.

ஃபில்டர் காபி வீடு என்றால் கதை வேறு. பால் ஒரு பர்னரில், இட்லி இன்னொரு பர்னரில் இருக்கும்போது டிகாக்‌ஷனுக்கான தண்ணீர் மூன்றாவது அடுப்பைத் தேடுகிறது. காலை ஆறரை மணிக்கு அந்த நெருக்கடி என்ன என்று அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரியும். அங்கேதான் கெட்டில் கைகொடுக்கும். ஆனால் ஊற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணக் கெட்டிலின் மூக்கு அகலம். அப்படியே கவிழ்த்தால் தண்ணீர் மொத்தமாக விழுந்து பொடியில் குழி பறிக்கும். அந்தக் குழி வழியாகவே தண்ணீர் ஓடி இறங்கிவிடும், சுற்றிலும் இருக்கும் பொடி சரியாக நனையாது, டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். பொடியை லேசாக அழுத்தி, ஃபில்டரின் குடையை அதன்மேல் வைத்து, அந்தக் குடைமேல் படும்படி ஊற்றுங்கள். முதலில் பொடி நனையும் அளவுக்குக் கொஞ்சம். பொடி உப்பி அடங்கியதும் மீதி. சுவிட்ச் அணைந்த உடனே ஊற்றாமல், மூடியைத் திறந்து அரை நிமிடம் விட்டு ஊற்றினால் கசப்பு குறைவாக இறங்கும்.

காபி தவிர இன்னொரு வேலையை எங்கள் பக்கத்துப் பெண்கள்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் மாவு பிசைவது. மாவில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால்தான் விரியாமல் வரும். கெட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு கையால் கரண்டிக் காம்பில் கிளறியபடி இன்னொரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற முடிகிறது. பாத்திரத்தை இடுக்கியில் தூக்கிச் சாய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். விநாயகர் சதுர்த்தி அன்று செய்து பாருங்கள்.

குழம்பு கெட்டியாகிவிட்டால் சேர்க்கச் சுடுதண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியை ஊறவைக்கச் சுடுதண்ணீர், நெய் ஜாடி கழுவச் சுடுதண்ணீர் என்று தேவை தானாகப் பெருகும்.

கேஸ் மிச்சமாகுமா? கரண்ட் பில் ஏறுமா?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும். ஒரு லிட்டரை அங்கிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, வீணாவதையும் சேர்த்து, கெட்டிலுக்கு 0.1 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். வசதிக்கு 0.1 என்றே வைத்துக்கொள்வோம். அதாவது பத்து லிட்டர் கொதித்தால் ஒரு யூனிட்.

கேஸ் அடுப்பில் அதே ஒரு லிட்டருக்கு 10 முதல் 12 கிராம் கேஸ் போகும். ஐஎஸ்ஐ அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்பது விதி, ஆனால் அது ஆய்வகத்தில் அளப்பது. வீட்டில் சின்னப் பாத்திரமும் பெரிய தீயும் சேர்ந்தால் அதைவிடக் குறைவுதான். 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்குச் சுமார் 70 காசு ஆகிறது.

மின்சாரத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், அதற்குமேல் 500 வரை 6.30 ரூபாய். நடுவில் இருக்கும் வீட்டுக்கு ஒரு லிட்டர் சுடுதண்ணீர் 47 காசு. தினம் இரண்டு லிட்டர் கொதிக்கவைத்தால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட், 56 ரூபாய். கேஸில் அதே தண்ணீருக்கு 80 ரூபாயைத் தாண்டும்.

வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு 25, 30 ரூபாய். கும்பகோணத்தில் நல்ல கடையில் ஒரு டிகிரி காபி குடித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது. வெயில் காலத்தில் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம்.

அப்படியானால் கவனம் வேண்டும். 500 யூனிட் வரை 1805 ரூபாய் வருகிற பில், 501 ஆனால் 2048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு தாவக் காரணம், 500-ஐத் தாண்டியவுடன் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது, 101-லிருந்தே 4.70 போடுகிறார்கள். தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் 600 வரை 8.40. அந்த நிலையில் கெட்டில் தண்ணீர் லிட்டருக்கு 84 காசு, கேஸைவிட அதிகம். ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பாருங்கள். கிட்டத்தில் இருந்தால் அந்தப் பத்து நாளும் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் மாறியிருந்தால் உங்கள் ரசீதில் இருப்பதை வைத்து இதே கணக்கைப் போடலாம்.

காரைக்கால் வாசகர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. உங்களுக்குப் புதுச்சேரி மின்துறையின் கட்டணம்.

அப்புறம் வெயில் காலத்தில் கெட்டிலால் என்ன லாபம்?

கத்திரி வெயிலில் டெல்டாவின் பழைய ஓட்டு வீட்டு அடுப்படியில் நின்றிருக்கிறீர்களா? காற்று அசையாது. கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குப் போகாத வெப்பம் அத்தனையும் அங்கே நிற்பவர் மேல்தான் வருகிறது. தீ ஆடும் என்று ஃபேனும் போட முடியாது. கெட்டிலைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நிற்கலாம். மே மாதம் மதியம் ஒரு டம்ளர் வெந்நீருக்காக அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை என்பதே, நாள் முழுக்க அடுப்படியில் இருப்பவருக்குப் பெரிய ஆறுதல். பில்லில் வராத இந்த லாபத்தை நான் பில்லைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

கிராமத்தில் வோல்டேஜ் எப்போதும் குறைவு. கெட்டில் ஓடுமா?

ஓடும், மெதுவாக. 230 வோல்ட்டில் 1500 வாட்ஸ் இழுக்கும் கெட்டில், பம்பு செட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 900 வாட்ஸ் சொச்சம்தான் இழுக்கும். நான்கு நிமிடத்தில் கொதிக்க வேண்டியது ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். யூனிட் கிட்டத்தட்ட அதேதான், கெட்டிலுக்கும் கெடுதல் இல்லை. மோட்டார் உள்ள மிக்ஸி, ஃபிரிட்ஜ் மாதிரி இது லோ வோல்டேஜில் சூடேறிக் கெட்டுப்போகும் சாதனம் அல்ல. ஸ்டெபிலைசர் எதுவும் வாங்க வேண்டாம்.

எந்தப் பிளக்கில் போடுவது? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். கெட்டிலால் வரும் ஆபத்தில் பெரும்பகுதி கெட்டிலில் இருப்பதில்லை, சுவரில் இருக்கிறது.

1500 வாட்ஸ் என்றால் ஆறரை ஆம்பியர். ஃபேன், லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். தினமும் போட்டால் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி சூடேறித் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடேறும். கெட்டிலை அணைத்த உடனே பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. தொட முடியாதபடி சுட்டாலோ, பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, மீன் கருகின மாதிரி வாடை வந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஃபிரிட்ஜ், கிரைண்டருக்குப் போடுகிற பெரிய பவர் சாக்கெட், அதாவது 16 ஆம்பியர், அதில்தான் கெட்டிலைப் போட வேண்டும். கெட்டிலின் பிளக் சின்னப் பின்னோடு வந்திருந்தால் சின்னப் பின், பெரிய பின் இரண்டையும் ஏற்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஒரே பாக்ஸில் மிக்ஸி, கெட்டில், இண்டக்‌ஷன் மூன்றையும் செருகி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பழைய அக்ரகாரத்து வீடுகள், ரெட்டைக்கட்டு வீடுகள் பலவற்றில் வயரிங் இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தையது. அடுப்படியில் ஒரே ஒரு லைட் பாயிண்ட் இருக்கும். அதிலிருந்து இழுத்து இழுத்துச் சாக்கெட் வைத்திருப்பார்கள். எர்த் ஒயர் இருக்கவே இருக்காது. அந்த வீட்டில் கெட்டிலுக்கு முன்பு வாங்க வேண்டியது வேறு. போர்டிலிருந்து நேராக அடுப்படிக்கு ஒரு பவர் லைன், உருப்படியான எர்த், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச், அதுவும் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆவது. ஸ்டீல் கெட்டிலின் உடம்பு முழுக்க உலோகம். ஈரக் கையோடு ஈரத் தரையில் நின்று தொடுகிறோம். உள்ளே கசிவு வந்தால் எர்த்தும் ஆர்சிசிபியும்தான் உயிரைக் காக்கும். “என்னா தம்பி, ஒரு கெட்டிலுக்குப் போய் இவ்வளவு செலவா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தச் செலவு கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடுமா? புயல் காலத்தில்?

ஓடாது. வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர் ஃபேன், லைட்டுக்கானது. 1500 வாட்ஸைப் போட்டால் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் வாழ்கிற யாரும் சுடுதண்ணீருக்குக் கரண்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கெட்டில் வந்துவிட்டது என்று இரண்டாவது சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. கொதிக்கவைத்தால் உப்பு போகுமா?

போகாது. நீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே இருக்கும். கொதிக்கக் கொதிக்கக் கரிப்பு கூடுமே தவிரக் குறையாது. நாகை, வேதாரண்யம், காரைக்கால் கரையோரத்து போர் தண்ணீருக்கு இதுதான் நிலைமை. கொள்ளிடத்துத் தண்ணீரை அவ்வளவு தூரம் குழாயில் வேதாரண்யத்துக்குக் கொண்டுபோவதும் அதனால்தான். காபிக்கும் குடிக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ கெட்டிலில் ஊற்றுங்கள்.

கரிப்பு வேறு, கடினத்தன்மை வேறு. கடினத் தண்ணீரில் கால்சியம் கரைந்திருக்கும். கொதிக்கும்போது அது பிரிந்து அடியில் வெள்ளையாகப் படியும். முதலில் மாவு தூவின மாதிரி இருக்கும், விட்டுவிட்டால் செதில் செதிலாகப் பெயர்ந்து டம்ளரில் மிதக்கும். உடம்புக்கு விஷம் இல்லை. ஆனால் படிவு ஏற ஏறத் தகட்டின் சூடு தண்ணீருக்குப் போக நேரமாகும், இரைச்சல் கூடும், சில சமயம் கொதிக்கும் முன்பே அணைந்துவிடும்.

மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அரைக் கெட்டில் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கொதிக்கவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். படிவு நுரைத்துக் கரைவது கண்ணுக்கே தெரியும். கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரை ஒரு தடவை கொதிக்கவைத்து அதையும் கொட்டுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும், இரண்டு பழம் வேண்டும். புளி போட்டுத் தேய்ப்பது பித்தளைக்குச் சரி, கெட்டிலுக்கு வேண்டாம். கம்பி நார் போட்டுச் சுரண்டவே கூடாது. கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். போர் தண்ணீர் என்றால் மாதம் ஒரு தடவை, ஆற்றுத் தண்ணீர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

சுவிட்ச் அணைந்ததும் குடிக்கலாமா, இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வேண்டாமா?

நன்றாகக் குமிழி விட்டுக் கொதித்த பிறகுதான் சுவிட்ச் அணைகிறது. மஞ்சள் காமாலை, டைபாய்டு, காலரா கிருமிகள் எல்லாம் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் செத்துவிடும். ஆற வைத்துக் குடிக்கலாம். ஆனால் ஆறின தண்ணீரைத் திறந்த குடத்தில் ஊற்றி அதில் கைவிட்டு மொண்டால் கொதிக்கவைத்ததே வீண். மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் ஊற்றி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும் நாட்களில் ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அந்தக் காலத்தில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்தார்கள். எப்படியோ தெளியவைத்து வடிகட்டிய பிறகுதான் கெட்டிலில் ஊற்ற வேண்டும். மண்ணைக் கொதிக்கவைப்பதால் மண் போகாது.

அப்பாவும் அம்மாவும் ஊரில் தனியாக இருக்கிறார்கள். வாங்கி அனுப்பினால் பயன்படுமா?

கேள்விகளிலேயே அதிகம் வருவது இதுதான். டெல்டாவில் தெருவுக்குத் தெரு இப்படிப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள். வாங்கி அனுப்புங்கள். ஆனால் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டு ஃபோனில் சொல்லிக்கொடுத்தால் அது பரணுக்குத்தான் போகும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நீங்களே பிரித்து, நீங்களே இடம் பார்த்து வைத்து, இரண்டு மூன்று நாள் அம்மாவையே போடச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள்.

கனத்தைப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் கெட்டில் நிறையத் தண்ணீர் இருந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும், அதுவும் கொதிக்கிற தண்ணீர். கை நடுக்கம் உள்ளவருக்கு ஒரு லிட்டர் கெட்டில் போதும், அதையும் பாதிதான் நிரப்பச் சொல்லுங்கள். உயரமான மேடை வேண்டாம்; இடுப்பு உயரத்தில், சுவரை ஒட்டி, ஒயர் முன்பக்கம் தொங்காதபடி வைக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. டம்ளரைக் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அங்கேயே ஊற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் காலையில் ஒரு தடவை கொதிக்கவைத்து ஊற்றிவைத்து மதியம் வரை குடிக்கலாம். ராத்திரி மாத்திரைக்கு வெந்நீர் வேண்டும் என்று அரைத் தூக்கத்தில் அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டி தேட வேண்டாம்.

அவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: மூடியை மூடிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். கெட்டில் தானாக அணைவது ஆவியால். கொதிக்கும்போது எழும் ஆவி உள்ளே மேல்பக்கம் இருக்கும் ஒரு சின்னத் துளை வழியாகச் சுவிட்சுக்குப் போகிறது. அங்கே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு வில்லைத் தகடு இருக்கும். ஆவி பட்டதும் அது ‘டக்’கென்று மறுபக்கம் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். நாம் கேட்கிற அந்தச் சத்தம் அதுதான். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், தகடு சூடேறாது, தண்ணீர் வற்றும் வரை கொதித்துக்கொண்டே இருக்கும். வற்றினால் அணைக்க அடித்தகட்டுக்குக் கீழே இன்னொரு பாதுகாப்பு உண்டு. அதை நம்பி விடக் கூடாது.

முதலில் அம்மா, “எனக்கெதுக்குப்பா இதெல்லாம், அடுப்பு இருக்கு” என்றுதான் சொல்வார். கட்டாயப்படுத்தாதீர்கள். அப்பாவுக்கு ஜலதோஷம் பிடிக்கும் முதல் மழைக்கால ராத்திரியில் அம்மாவே எடுப்பார்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு?

மிகவும் உதவும். பால் புட்டிக்கு, துணி நனைத்துத் துடைக்க, குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்க. வாளியில் ஹீட்டர் ராடைத் தொங்கவிடுவதைவிட, ஒரு கெட்டில் சுடுதண்ணீரை வாளியில் கலப்பது எத்தனையோ மடங்கு பத்திரம். எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அப்புறம் சுடுதண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை. தவழும் வயது வந்துவிட்டால் ஒயரை இழுத்துவிடும். வேலை முடிந்ததும் கெட்டிலைக் காலி செய்து உள்ளே தள்ளி வையுங்கள். புட்டிகளைக் கெட்டிலுக்குள் போட்டுக் கொதிக்கவைக்காதீர்கள், வேறு பாத்திரத்தில் போட்டு மேலே ஊற்றலாம்.

ஆவி பிடிக்கலாமா?

கெட்டில் மூக்கில் முகத்தை வைக்கக் கூடாது, அந்த ஆவி தோலை உரித்துவிடும். அகலமான சட்டியில் நொச்சித்தழை போட்டு அதில் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம்.

ஸ்டீல், கண்ணாடி, பிளாஸ்டிக்: எது நல்லது?

உள்பக்கம் முழுக்க ஸ்டீல், கம்பிச்சுருள் வெளியே தெரியாத தட்டையான அடிப்பகுதி, கைவிட்டுக் கழுவும் அளவுக்கு அகலமான வாய், ஐஎஸ்ஐ முத்திரை. இவை இருந்தால் ஆயிரம் ரூபாய் சுமாரில் நல்ல கெட்டிலே கிடைக்கும். ஒற்றைச் சுவர் ஸ்டீல் வெளியிலும் சுடும். இரட்டைச் சுவர் கொஞ்சம் விலை கூட, ஆனால் சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. கண்ணாடியில் போர் தண்ணீர்ப் படிவு அசிங்கமாகத் தெரியும். டிகிரி கணக்கில் சூடு வைக்கும் விலை உயர்ந்த மாடல் நம் வீட்டுக் காபிக்குத் தேவையில்லை. நான்கு பேர் வீட்டுக்கு ஒன்றரை லிட்டர். புதிதாக வாங்கியதும் இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் வாடை போய்விடும்.

மூக்கு வழியாக எறும்பு, பல்லி போகாதா?

போகும். மழைக்காலத்தில் எறும்பு ஈரம் தேடி ஏறும், பல்லி சூடு தேடி வரும். ராத்திரி மிச்சத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். கொட்டிவிட்டு, கவிழ்த்து வைக்க முடியாவிட்டால் மூக்கின்மேல் சுத்தமான துணியைப் போடுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றும் முன் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்க்காமல் சுவிட்சைத் தட்டவே கூடாது. ராத்திரி ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் கண்ணை மூடிக்கொண்டு கொதிக்கவைக்கும் பழக்கம் நம் ஊருக்கு ஆகாது.

திதி, விசேஷ நாட்களில் உபயோகிக்கலாமா?

அது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. மடி பார்க்கிற வீடுகளில் அன்றைய சமையலுக்குத் தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அந்த நாளில் கெட்டிலை ஒதுக்கி வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பா, கெட்டிலா?

இண்டக்‌ஷன். பால் காய்ச்சலாம், ரசம் வைக்கலாம், சிலிண்டர் தீர்ந்த ராத்திரியில் சோறே வடிக்கலாம். வெப்பம் வீணாவதும் கெட்டில் மாதிரியே குறைவு. ஆனால் சமைக்கிறவர் எழுபது வயதுக்காரர் என்றால் பதில் மாறும். அதன் பட்டன்களும் எண்களும் குழப்பும், அடிப்பாகம் தட்டையான ஸ்டீல் பாத்திரமாகப் பார்த்து வைக்க வேண்டும். கெட்டிலில் தட்டுவது ஒரே சுவிட்ச். அவர்களுக்குக் கெட்டிலே வாங்கிக் கொடுங்கள்.

பழுதானால் சரி செய்ய முடியுமா?

பாதிக்குப் பாதி முடியும். சுவிட்ச், கீழ்த்தட்டின் இணைப்பு, ஒயர், மூடியின் ஸ்பிரிங் ஆகியவற்றை மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடைகளில் குறைந்த செலவில் மாற்றித் தருவார்கள். அடித்தகட்டோடு ஒட்டியிருக்கும் ஹீட்டர் போய்விட்டால் மாற்றுவது கட்டுப்படியாகாது. அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் எம்சீல் போட்டு அடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்தத் தண்ணீர் இறங்குவது நேராகக் கரண்ட் இணைப்பின் மேல். கசிவைப் பார்த்த அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதிது வாங்குங்கள். வாரன்டி அட்டையில் கடை சீல் வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்தால் பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்கு இந்தக் கவலை இல்லை.